படுவான்கரையில் நான் மறையவைத்த புகை

புகைக்குழாயைப் பத்தடி உயர்த்தினால் தீர்ந்துபோகிற காரியத்துக்கு எதற்காக என்னைக் கடல் தாண்டி வரச் சொல்கிறார்கள் என்று கோயம்புத்தூரிலிருந்து கொழும்பு வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். மட்டக்களப்புப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டர் அக்னஸின் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'எங்கள் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரின் புகை குழந்தைகள் வார்டுக்குள் வருகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டினீர்களே, நீல வெளிச்சக் குழாய், அதைக் கொண்டுவந்து பொருத்தித் தர முடியுமா?' சிஸ்டர் எங்கள் ஊரில் நர்சிங் படித்த காலத்தில் ஒருமுறை எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பத்து நிமிஷம் பார்த்ததை நினைவில் வைத்து, யுத்தம் நடக்கிற இடத்திலிருந்து எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உதவி செய்யப் போனதாக ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பெருமைக்காகத்தான் போனேன்.

அந்தக் குழாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் வாயு நீலமாக ஒளிரும். அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். எஞ்சின் புகை அதன் வழியாகப் போகும்போது புகையில் உள்ள விஷ வாயு உடைந்து வேறு வாயுவாக மாறும். ஆனால் மாறிய வாயுவும் விஷம்தான், முதலாவதைவிட மோசமான விஷம். அதனால் குழாயின் அடுத்த பாதியில் வெள்ளி பூசிய சிறு மணிகளை நிரப்பிவைப்போம். அவைதான் வினையூக்கி. அந்த மணிகள் மேல் பட்டதும் விஷம் சாதாரணக் காற்றாகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். இதை எத்தனையோ மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்.

மட்டக்களப்பில் எனக்காகக் காத்திருந்தவர் லயனல் அங்கிள். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். பறங்கிக்காரர், அதாவது போர்த்துக்கீசர் காலத்து வம்சம். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர், கழுத்தில் ஜெபமாலை. என் பெட்டிகளைப் பார்த்ததும், "இவ்வளவையும் பாலத்தால கொண்டுபோகப் போறீங்களோ மகள்? சரி, முதல்ல வயிறாறச் சாப்பிடுவம். அங்க நிண்டா எத்தின மணித்தியாலம் எண்டு சொல்லேலா" என்றார். வாவி இறாலைத் தேங்காய்ப்பாலில் போட்டு ஒரு கறி, சிவப்பரிசிச் சோறு. காரம் உச்சந்தலையில் ஏறியது. எங்கள் ஊரில் இதைச் சாப்பிட்டால் இரண்டு நாள் லீவு போடுவார்கள். நான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

பாலத்தைக் கடந்தால் படுவான்கரை, வாவிக்கு மேற்கே சூரியன் விழுகிற கரை. அங்கே அரசாங்கத்தின் ஆட்சி இல்லை, இயக்கத்தின் ஆட்சி. இடையில் ராணுவச் சோதனைச் சாவடி. சைக்கிள்களும் சாக்கு மூட்டைகளும் கோழிகளுமாக மழையில் நீண்ட வரிசை. பேசுகிற சத்தமே இல்லை. கோயம்புத்தூரில் ரேஷன் கடை வரிசையில்கூட ஊர்க்கதை முழுக்க நடக்கும். இங்கே ஒரு கிழவர் இருமினார், பக்கத்தில் நின்றவர் அவரை முறைத்துப் பார்த்தார். நான் பெட்டிகளை என் காலோடு நெருக்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு சிப்பாய், குழாய்க்கு மின்னழுத்தம் தரும் மின்மாற்றியை வெளியே எடுத்து வைத்துவிட்டு என்னவோ கேட்டான். லயனல் அங்கிள் சிங்களத்தில் பதில் சொல்லி, எனக்குத் தமிழில் சொன்னார்: "இது என்னத்துக்கு எண்டு கேக்கிறான். கடைப் பலகைகள்ல கலர் லைட் எரியிறதுக்கு எண்டு சொன்னன்." சிப்பாய் அக்கரையில் தெரிந்த வெறும் வயல்களைப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டான். அங்கிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "அங்க யாருக்கு என்னத்த விளம்பரம் செய்யப் போறீங்களாம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னியர் மடத்தின் கடிதம் மூன்று கைகள் மாறியது. கடைசியில் மின்மாற்றியை விட்டார்கள்.

மணிகள் இருந்த தகர டப்பாவில்தான் சிக்கல். ஒருவன் ஒரு மணியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். இன்னொருவன் டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். சேற்றில் சாம்பல் நிறமாகச் சிதறின. ஆறு மாதம் உட்கார்ந்து வெள்ளி பூசிய மணிகள். நான் சேலையைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து பொறுக்கினேன். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் வந்து என்னோடு குந்திப் பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்ததும் தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அக்கரையில் உழவு இயந்திரப் பெட்டியில், அதாவது டிராக்டர் டிரெய்லரில், ஏறினோம். டீசல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடியது. ஓடியது என்பதைவிட, திக்கித் திக்கிப் போனது என்பதே சரி. வவுணதீவு தாண்டி ஒரு வட்டைக்கு நடுவில் நின்றுவிட்டது. வட்டை என்றால் இந்தப் பக்கத்தில் வயல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளமும் பயிரும். கண்ணாடிக் குழாயைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நனைந்தேன். அங்கிள் எஞ்சினை வாயால் ஊதி, சுத்தியலால் தட்டி, கடைசியில் மாதாவைக் கூப்பிட்டுக் கிளப்பினார்.

ஆஸ்பத்திரிப் படியில் ஒரு வாளி இருந்தது. அதன் பக்கத்தில் பாக்கியமக்கா நின்றார். வார்டுத் துப்புரவு அவர் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, வெந்துபோன விரல்கள். "செருப்பக் கழட்டி இதுக்குள்ள வையுங்க மிஸ். கையையும் கழுவுங்க" என்றார். குளோரின் தண்ணீர். மூக்கைத் துளைத்தது. என் செருப்பு, பெட்டிகள், குடை, எல்லாம் அந்தத் தண்ணீரால் துடைக்கப்பட்டன. இது ஆஸ்பத்திரியா நீச்சல் குளமா என்று சிஸ்டர் அக்னஸிடம் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. டீ கொடுத்தார்.

அப்போதுதான் ஜெனரேட்டரைப் போட்டார்கள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். குழந்தைகள் வார்டின் ஜன்னல் இடுக்குகள் வழியாகக் கரும்புகை உள்ளே ஊர்ந்து வந்தது. ஒன்பது கட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயும் ஒரு பிள்ளையும். எங்கள் ஊரில் ஒரு பஸ் இப்படிப் புகைவிட்டால் பேப்பருக்கு எழுதுவேன். இங்கே கைக்குழந்தைகள் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"குழாயை உயர்த்த வேண்டியதுதானே அங்கிள்?" என்று கத்திவிட்டேன். அவர் என்னைக் கட்டடத்தின் பின்னால் அழைத்துப்போய், சுவரில் இருந்த ஓட்டைகளைக் காட்டினார்.

"உயத்தித்தான் வச்சிருந்த மகள். நிமிந்து நிண்ட குழாய், மேல இருந்து பாக்கிறவனுக்கு ஷெல் அடிக்கிற குழாய் மாதிரி. ஹெலி வந்து அடிச்சிட்டுப் போச்சு. மறுகா குழாய வெட்டிப்போட்டு, புகையும் மேல போகாம தகரத்தால மூடி வச்சிரிக்கம். பொறகு அது எங்கால போகும்? உள்ளதான்."

வார்டையாவது மாற்றலாமே என்றேன். கொங்கிரீட் கூரை அந்த ஒரு அறைக்குத்தான் இருக்கிறதாம். பிள்ளைகளை வேறெங்கே வைப்பது என்று கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்த வாயை அத்தோடு மூடினேன்.

அந்த வார்டில் எல்லோருக்கும் கவலை ஒரு பிள்ளையைப் பற்றித்தான். யோகம் என்ற பெண்ணின் பிள்ளை, ஏழரை மாதத்தில் பிறந்தது. லயனல் அங்கிள் பலகையில் செய்த பெட்டிக்குள், இரண்டு பல்புகளின் சூட்டில் கிடந்தது. மாரி காலம், குளிர். பல்பு எரிய ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஜெனரேட்டர் ஓடினால் புகை வரும். யோகம் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது என்று சொன்னார்கள். "இன்னும் ரெண்டு கிழமை தாக்குப் பிடிச்சிட்டான் எண்டா தப்பிருவான்" என்றார் சிஸ்டர். கிழமை என்றால் அங்கே வாரம்.

மறுநாள் காலை புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வேலையில் இறங்கினோம். மணி டப்பாவைத் திறந்தபோது ஆச்சரியம். சேறு துளியும் இல்லை. சாம்பல் நிறம் போய் நல்ல வெளுப்பாக இருந்தன. யாரோ கழுவி, சமையலறை அடுப்போரம் உலர்த்தி, திரும்பப் போட்டுவைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மனிதர்களின் அன்பே அன்பு என்று நினைத்து நெகிழ்ந்தேன். நெகிழ்ந்ததோடு சரி. எதில் கழுவினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முன்னால் கரியைப் பிடிக்க இரும்பு நார்ச் சல்லடை, பிறகு பிளாஸ்மா, பிறகு மணிகள். மத்தியானம் ஜெனரேட்டரைக் கிளப்பினோம். கண்ணாடிக்குள் நீலம் பூத்தது. வார்டு ஜன்னலில் கரும்புகை மெலிந்தது, பிறகு இல்லவே இல்லை. நான் கொண்டுபோன சிறு கருவியில் விஷ வாயுவின் அளவு விழுந்து விழுந்து அடிமட்டத்துக்கு வந்தது. லயனல் அங்கிள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பாக்கியமக்கா ஜன்னல் சட்டத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கரி ஒட்டல்ல கா" என்று மற்றப் பெண்களிடம் காட்டினார்.

மூன்றாம் நாள் நான் ராணி. ஒரு தகப்பன் சட்டி நிறைய எருமைத் தயிர் கொண்டுவந்தார். வெட்டி எடுக்கிற மாதிரி கெட்டியான தயிர். மேலே தேன் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு பெண் தன் மகளுக்கு என் பெயரை வைக்கப் போவதாகச் சொன்னாள். நான் கருவியின் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டே, ஊருக்குப் போய் வாசிக்கப்போகும் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். வார்டில் சுர்ரென்று ஒரு நெடி இருந்தது. எல்லோரும் குளோரின் நெடி என்றுதான் நினைத்தோம். அந்த ஆஸ்பத்திரியில் அந்த நெடிக்குச் சுத்தம் என்றுதான் அர்த்தம்.

நான்காம் நாள் காலை யோகம் என்னைத் தேடி வந்தாள்.

"மிஸ், அந்த லைட்டக் கொஞ்சம் நிப்பாட்டுவீங்களா?"

"ஏம்மா?"

"அது வந்த நாளையில இரிந்து இவனுக்கு மூச்சு இழுக்குது. மத்தப் புள்ளைகளும் இருமுதுகள். எனக்கும் கண் எரியுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கருவியைக் காட்டி, காற்று இப்போது எவ்வளவு சுத்தம் என்று விளக்கினேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"முந்தி புகை வந்தா கண்ணுக்குத் தெரியும் மிஸ். எந்தப் பக்கத்தால வருகுதெண்டு பாத்து, புள்ளைய அங்கால கிறுக்கித் திருப்பிப் படுக்க வைப்பன். முந்தானையால மறைப்பன். இப்ப ஒண்டும் தெரியுதில்ல. எங்க கிறுக்கிற எண்டு தெரியல்ல."

அவளோடு வார்டுக்குப் போனேன். பெட்டிக்குள் அந்தச் சின்ன மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்தது. உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது. சிஸ்டர் அக்னஸ் குனிந்து நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். "நியூமோனியாவாக்கும் எண்டு நினைக்கிறன்" என்றார். ஒன்பது தாய்மாரில் ஆறு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கண்ணும் எரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், பாக்கியமக்கா அன்று காலை இன்னும் தரை துடைக்கவில்லை. வாளி காய்ந்து கவிழ்ந்து கிடந்தது. அப்படியானால் இந்த நெடி எங்கிருந்து வருகிறது?

வெளியே ஓடினேன். குழாயைக் கழற்றி மணிகளை உள்ளங்கையில் கொட்டினேன். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளை மணிகள் என் கையில் கத்தரிப்பூ நிறமாக மாறின. பிளஸ் டூ படித்த எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும். வெள்ளியும் குளோரினும் சேர்ந்த உப்பு வெயில் பட்டால் அப்படித்தான் நிறம் மாறும். வெள்ளி செத்துப்போயிருந்தது.

"பாக்கியமக்கா, மணியை எதில் கழுவினீர்கள்?"

"குளோரின் தண்ணியிலதான் மிஸ். ரா முழுக்க ஊறப் போட்டுத்தான் கழுவின."

"யாரைக் கேட்டுக் கழுவினீர்கள்?" என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது.

அவர் பயப்படவில்லை. "சேத்துக்குள்ள கிடந்த சாமான். புள்ளையள்ற வார்ட்டுக்குக் காத்து குடுக்கப் போகுதெண்டு சொன்னீங்க. போன மாரியில இந்த வார்ட்டில வயித்தோட்டம் வந்து புள்ளையள் செத்தது மிஸ். நான்தான் தூக்கிக் குடுத்த. அதுக்குப் பொறகு குளோரின் படாம ஒரு சாமானும் இந்தப் படியால ஏறினதில்ல."

கழுவாதே என்று நான் சொல்லவில்லை. கழுவியதைப் பார்த்தபோதும் கேட்கவில்லை. என் செருப்பையே ஊறவைத்தவர் மணியை விட்டுவைப்பாரா என்று யோசிக்கவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. என் கருவி முதல் விஷத்தை மட்டுமே அளக்கும். இரண்டாவது விஷம் அதன் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்மா முதல் விஷத்தை இரண்டாவதாக மாற்றிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டிய மணிகள் செத்துக் கிடந்தன. கருவி சபாஷ் சபாஷ் என்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்று சிரித்துக்கொள்ள முடியாது. இரண்டு நாளாக ஒன்பது பிள்ளைகளுக்கு நான் விஷம் கொடுத்திருக்கிறேன், அதற்குத் தயிரும் தேனும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜெனரேட்டரை உடனே நிறுத்தச் சொன்னேன். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். பல்புகள் அணைந்தன. பிள்ளைக்குச் சூடு வேண்டுமே என்று நான் கையைப் பிசைந்தேன். சிஸ்டர் அக்னஸ் பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, யோகத்தின் சட்டைப் பித்தானைக் கழற்றி, வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே ஒரு கம்பளியைச் சுற்றிக் கட்டினார். "உன்ட உடம்புச் சூடுதான் இனிப் பல்பு. அசையாம இரி மகள்" என்றார்.

பிறகு நான் வார்டின் நடுவில் நின்று சொன்னேன். என் இயந்திரம்தான் காரணம், தவறு என்னுடையது, பாக்கியமக்காமேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஆய்வுக்கூடத்தில் நான் இப்படி யாரிடமும் சொன்னதில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் மகளுக்கு என் பெயரை வைக்கப்போகிறேன் என்றவள் மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யோகம்தான் பேசினாள். "சரி மிஸ். இனிப் புகை பழையபடிதானே வரும்?"

"ஆமாம்."

"கறுப்பாத்தானே?"

"ஆமாம், கறுப்பாகத்தான்."

"அது காணும்" என்றாள். காணும் என்றால் அங்கே போதும் என்று அர்த்தம்.

லயனல் அங்கிள் குழாயையும் மின்மாற்றியையும் கழற்றி மூலையில் வைத்தார். மணிகளை ஒரு துணியில் முடிந்து என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் கொடுத்தார். மத்தியானம் தாண்டும்போது பிள்ளையின் உதட்டில் நீலம் கொஞ்சம் குறைந்தது. பிழைப்பானா என்று சிஸ்டரைக் கேட்டேன். "சொல்லேலா. இண்டைக்கு மூச்சு இரிக்கு" என்றார்.

நாலு மணிக்கு ஒரு பிரசவம் சிக்கலானது. அறுவை அறைக்கு வெளிச்சம் வேண்டும். ஜெனரேட்டரைப் போடாமல் முடியாது. போடுகிறோம் என்று லயனல் அங்கிள் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். நான் வார்டு வாசலில் நின்றேன், உள்ளே போகத் துணியவில்லை.

எஞ்சின் உறுமியது. முதல் கரும்புகை இடது ஜன்னலின் கீழ் இடுக்கால் வந்தது. அதைப் பார்த்ததும் எட்டுப் பெண்கள், யாரும் யாருக்கும் சொல்லாமல், தங்கள் பிள்ளைகளை வலது பக்கம் திருப்பிப் படுக்கவைத்து முந்தானையை விரித்தார்கள். யோகம் நெஞ்சில் கட்டிய பிள்ளையோடு மெல்ல எழுந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். புகை அவள் முதுகில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போனது, நெஞ்சில் இருந்த பிள்ளையை எட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் இருமினாள், விடாமல் இருமினாள். பிள்ளை இருமவில்லை.